பழைய அனலாக் கேமராவை மாற்றணும், சுவருக்குள் இருக்கும் கேபிள் போதுமா?

ஜனவரி 11, கேள்வி

வீட்டைச் சுற்றி நான்கு அனலாக் கேமரா, நான்கு சேனல் டிவிஆர் (பதிவு செய்யும் பெட்டி) ஒன்று. வீடு கட்டும்போதே கேபிளைச் சுவருக்குள் விட்டுப் பூசிவிட்டோம். எல்லாம் இன்னும் ஓடுகிறது. ஆனால் வெளிக்கேட்டில் யாரோ நிற்கிறார் என்பதற்கு மேல் எதுவும் தெரிவதில்லை. விசாரித்த இடத்தில் எல்லாம் அனலாக் காலம் முடிந்துவிட்டது, மொத்தமாகப் பிடுங்கிவிட்டு ஐபி (நெட்வொர்க் கேபிளில் ஓடும் கேமரா) போடுங்கள் என்கிறார்கள். சுவரை உடைக்க மனமில்லை. கேமராவை மட்டும் 4கே-யாக மாற்றினால் முகம் தெரியுமா?

ஜனவரி 11, இரவு

சுவரை உடைக்க வேண்டாம். உங்களிடம் இருப்பதிலேயே மதிப்பான பொருள் அந்தக் கேபிள்தான்.

கேமராவை மட்டும் மாற்றினால் வேலை நடக்காது, டிவிஆரும் மாற வேண்டும். பழைய டிவிஆருக்குள் இருக்கும் சிப்புக்கு சிவிபிஎஸ் என்ற பழைய சிக்னல் மட்டும்தான் புரியும். அதில் அதிகபட்சம் கிடைப்பது 960எச், அதாவது 960-க்கு 576 புள்ளி. புதிய எச்டி கேமராவை அதில் சொருகினால் திரை கறுப்பாக இருக்கும், அல்லது கோடு கோடாக ஓடும்.

ஆனால் கேபிளை மாற்றத் தேவையில்லை. அதே கோஆக்ஸ் கேபிளில் (டிவி கேபிள் போன்ற உருண்டைக் கேபிள்) எச்டி படத்தை அனுப்பும் முறைகள் வந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது: டாஹுவாவின் சிவிஐ, டெக்பாயின்ட்டின் டிவிஐ, நெக்ஸ்ட்சிப்பின் ஏஎச்டி. மூன்றும் அனலாக்தான், மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. அதனால் இப்போது விற்கும் டிவிஆர்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும், பழைய சிவிபிஎஸ்ஸையும், கூடவே ஐபியையும் ஏற்கும் வகையாக வருகின்றன. எக்ஸ்விஆர் என்று எழுதியிருப்பார்கள்.

அனலாக் செத்துவிட்டது என்று உங்களிடம் சொன்னவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜனவரி 12

எதை முதலில் மாற்றுவது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். ரெக்கார்டரை. அதில் உங்கள் பழைய நான்கு கேமராவும் அப்படியே ஓடும், வீடு ஒரு நாள்கூடக் கண்காணிப்பு இல்லாமல் இருக்காது. அப்புறம் ஒவ்வொரு கேமராவாக, அவசரமில்லாமல் மாற்றலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தேன். பின்பக்கத்துக் கேமரா இன்றைக்கும் பழையதுதான். துணி உலர்த்தும் கொடியைப் பார்க்க 960எச் தாராளம்.

தலைகீழாகவும் செய்யலாம். நான்கு சிக்னலும் தரும் கேமராக்கள் உண்டு, கேபிள் வாலில் குட்டியாக ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை சிவிபிஎஸ்ஸில் வைத்தால் பழைய டிவிஆரிலும் படம் வரும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய தெளிவு அத்தனையும் அந்த டிவிஆர் வாசலிலேயே நின்றுவிடும்.

ஜனவரி 14

4கே கேட்டீர்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி: கேமராவிலிருந்து கேட் எவ்வளவு தூரம்?

"8 மீட்டர் இருக்கும், போர்ட்டிகோ மூலையில் மாட்டியிருக்கிறது."

சரி, கணக்குப் போடுவோம். ஐஇசி 62676-4 என்று கண்காணிப்புக் கேமராக்களுக்கு ஒரு தரவிதி இருக்கிறது. படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை புள்ளி விழுகிறது என்பதை வைத்து அது பேசுகிறது. அதன் 2014 பதிப்பின் அளவுகள் இவை. ஆள் நடமாட்டம் தெரிய 25 புள்ளி. தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125. முன்பின் தெரியாத முகத்தைப் பின்னால் அடையாளம் காட்டும் அளவுக்கு 250.

2.8 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரி பார்க்கும். 8 மீட்டர் தள்ளி அது பிடிக்கும் அகலம் சுமார் 19 மீட்டர். 1080பி என்றால் 1920 புள்ளியை 19 மீட்டருக்குப் பரப்புகிறோம், மீட்டருக்கு 100. 4கே என்றால் 3840 புள்ளி, மீட்டருக்கு 200. இன்னும் 250 வரவில்லை.

இப்போது அதே 1080பி கேமராவில் 6 மி.மீ. லென்ஸ். கோணம் ஏறக்குறைய 50 டிகிரி. 8 மீட்டரில் அகலம் ஏழரை மீட்டர். மீட்டருக்கு 256 புள்ளி.

அதாவது, சரியான லென்ஸ் போட்ட 2 மெகாபிக்சல் (1080பி) கேமரா, அகல லென்ஸ் போட்ட 8 மெகாபிக்சல் (4கே) கேமராவை உங்கள் கேட்டில் தோற்கடிக்கிறது. இந்தச் சங்கதியைப் பெட்டியின் மேல் யாரும் அச்சடிப்பதில்லை. மெகாபிக்சலை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள், லென்ஸ் அளவு பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும். பொடி எழுத்தை முதலில் படியுங்கள்.

(சென்சார் அளவைப் பொறுத்துக் கோணம் கொஞ்சம் மாறும். அந்தந்த மாடலின் விவரத்தாளில் கிடைக்கோணம் என்ன என்று பார்த்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

ஜனவரி 14, கொஞ்சம் கழித்து

ஒரு கேமரா முழு முற்றத்தையும் பார்க்க வேண்டும், முகத்தையும் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலை. முற்றத்துக்கு 2.8, கேட்டுக்கு 6. எட்டு சேனல் எக்ஸ்விஆர் வாங்கினால் இதற்கு இடம் இருக்கும். நான்கு சேனலோடு நிறுத்தாதீர்கள்.

ஜனவரி 17

கேபிளைப் பற்றி முதல் நாள் உயர்வாகப் பேசினேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கேபிள் என்ன ரகம் என்று பார்க்க வேண்டும்.

ஆர்ஜி59, நடுக்கம்பி முழுத் தாமிரம், பக்கத்திலேயே ஒட்டி வரும் சிவப்பு கறுப்பு பவர் ஒயர்: இதுதான் கேமராவுக்கென்றே வரும் கேபிள். இது இருந்தால் நூறு மீட்டர் தாண்டியும் 1080பி கவலையில்லாமல் ஓடும். ஐபி கேமராவின் நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள்.

டிவி கேபிளான ஆர்ஜி6-ஐ இழுத்திருந்தால், நடுக்கம்பி பல நேரம் எஃகு, மேலே மெல்லிசாகத் தாமிரப் பூச்சு. ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் எஃகு. வீட்டுத் தூரத்துக்கு ஓடிவிடும், நீளம் கூடினால் படம் தடுமாறும்.

மூன்றாவது வகை, நெட்வொர்க் கேபிளின் ஒரு சோடியில் வீடியோவை அனுப்பி இரண்டு முனையிலும் பாலுன் (சிக்னலைச் சோடிக் கம்பிக்கு ஏற்றபடி மாற்றும் சின்ன இணைப்பி) மாட்டியிருப்பது. கேபிள் இருக்கட்டும், பாலுனை மாற்றுங்கள். பழைய சிக்னல் 6 மெகாஹெர்ட்ஸ் அளவில் அடங்கிவிடும், எச்டி அனலாக்குக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி என்று போட்ட பாலுனாக இருக்க வேண்டும்.

அப்புறம் பிஎன்சி முனைகள், அதாவது கேபிளை டிவிஆரிலும் கேமராவிலும் சொருகும் உலோக இணைப்பிகள். திருகி மாட்டும் வகை இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு, கிரிம்ப் அல்லது கம்ப்ரஷன் வகை போடுங்கள். பழைய சிக்னல் எதையும் பொறுத்துக்கொண்டது. எச்டி பொறுக்காது. முதலில் நிறம் போகும், அப்புறம் நிழல் விழும், அப்புறம் மழை நாளில் படமே போகும். இரண்டாம் முறை ஏணி ஏற வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். கேமரா மாற்றும் அன்றைக்கே முனையையும் மாற்றிவிடுங்கள்.

ஜனவரி 18

"கேபிள் நெட்வொர்க் கேபிள்தான், பாலுன் இருக்கிறது. பவரும் அதிலேயே போகிறது."

அப்படியென்றால் படத்தை விட்டுவிட்டு பவரைப் பற்றிப் பேச வேண்டும்.

எங்கள் வீட்டில் புதுக் கேமரா பகல் முழுக்க அருமையாக ஓடும். இருட்டியதும் அணையும், தானாக எழும், மறுபடி அணையும். விடிந்ததும் சரியாகிவிடும். மாட்டிக்கொடுத்தவர் கேமரா பழுது என்று மாற்றிக் கொடுத்தார். புதிதாக வந்ததும் அப்படியே செய்தது. பழுது கேமராவில் இல்லை. இரவில் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரியும்போது கேமரா இழுக்கும் மின்னோட்டம் பகலைவிடப் பல மடங்கு, அரை ஆம்பியர் வரைகூடப் போகும். மெல்லிய ஒயரில் அந்த அளவு ஓடினால் வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும்.

நெட்வொர்க் கேபிளின் ஒரு கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 84 ஓம் தடை. 30 மீட்டர் தூரம் என்றால் போக வர 60 மீட்டர், 5 ஓம். அரை ஆம்பியருக்கு இழப்பு 2.5 வோல்ட். 12 கிளம்பி 9.5 போய்ச் சேர்கிறது. கேமரா எப்படி விழித்திருக்கும்?

வீடியோவுக்கு ஒரு சோடி போனால் மூன்று சோடி மிச்சம். ஒவ்வொரு சோடியிலும் ஒரு கம்பியைப் பாசிட்டிவுக்கும் மற்றதை நெகட்டிவுக்கும் என்று மூன்று மூன்றாகச் சேர்த்து முறுக்கினால் தடை மூன்றில் ஒரு பங்காகிவிடும், இழப்பு 0.85 வோல்ட் அளவுக்கு இறங்கும். எங்கள் வீட்டில் இதைச் செய்த அன்று இரவிலிருந்து அந்தக் கேமரா அணையவே இல்லை. 0.75 சதுர மி.மீ. பவர் ஒயர் தனியாக இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே வராது, அதே தூரத்துக்கு இழப்பு 0.7 வோல்ட்தான்.

ஜனவரி 18, இன்னொன்று

மல்டிமீட்டரை கேமரா முனையில் வைத்து 12 வோல்ட் காட்டுகிறது, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கேமராவைக் கழற்றிவிட்டு அளந்தால் எப்போதும் 12 தான் காட்டும், மின்னோட்டமே ஓடாதபோது எங்கே இழப்பு வரும்? கேமரா இணைந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும், ஐஆர் எரியும்போது. அதற்காக இரவில் ஏணி போட வேண்டியதில்லை. லென்ஸ் பக்கத்தில் இருக்கும் ஒளி சென்சாரைக் கறுப்பு டேப்பால் மூடினால் பகலிலேயே ஐஆர் எரியும். சில மாடலில் சென்சார் தனியாக இருக்காது, அப்போது லென்ஸையே மூட வேண்டும்.

ஜனவரி 23

14-ஆம் தேதி போட்ட லென்ஸ் கணக்கைப் பற்றி மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அது பகலுக்கு முழுக்கப் பொருந்தும். இரவுக்கு அதோடு இன்னும் இரண்டு விஷயம் சேர வேண்டும்.

ஒன்று, வெளிச்சம். ஒரே அளவு சென்சாரில் 2 மெகாபிக்சலும் உண்டு, 8 மெகாபிக்சலும் உண்டு. எட்டில் ஒவ்வொரு புள்ளியும் பொடியாகிவிடும், அதன் மேல் விழும் வெளிச்சமும் குறையும். இரவில் புள்ளி புள்ளியாய் மணல் கொட்டியதுபோல் தெரிவது இதனால்தான். அதனால் கேட்டுக்கு 1080பி என்ற என் யோசனை இரவை நினைத்தால் இன்னும் உறுதியாகிறது.

இரண்டு, அசைவு. வெளிச்சம் போதாதபோது கேமரா ஷட்டரை நீட்டித் திறந்து வைக்கும். நிற்பவர் தெளிவாக இருப்பார், நடப்பவர் இழுத்துத் தேய்த்த சாயம்போல் ஆவார். திருடன் நமக்காக நின்று கொடுக்க மாட்டான். கேமராவின் மெனுவில் ஷட்டர் அளவைக் கட்டுப்படுத்த முடியுமா என்று பாருங்கள். புதிய எச்டி அனலாக்கில் அந்த மெனுவை டிவிஆரிலிருந்தே திறக்கலாம், அதே கோஆக்ஸ் வழியாகக் கட்டளை போகும். ஆனால் உண்மையான மருந்து கேட் பக்கத்தில் ஒரு விளக்கு. சாதாரண எல்இடி பல்பு. எங்கள் கேட் படம் மாறியதில் பாதிப் பங்கு அந்த பல்புக்கு உண்டு.

ஜனவரி 24

சிலந்தி. ஐஆர் விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் ஒரு இழை கட்டும். அந்த ஒற்றை இழை ஐஆர் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துப் படம் முழுவதையும் வெளுத்துவிடும். கூடவே மோஷன் ரெக்கார்டிங்கும் இரவெல்லாம் ஓடும். மாதம் ஒருமுறை மென்மையான துடைப்பத்தால் தட்டிவிடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து பலிக்கவில்லை.

டோம் கேமரா வாங்கினால் உள்ளே லென்ஸைச் சுற்றி ஒரு ஸ்பாஞ்ச் வளையம் இருக்கும். அது கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். விலகினால் ஐஆர் உள்ளுக்குள்ளேயே எதிரொளித்து வெள்ளைப் புகை படர்ந்தது மாதிரி தெரியும். கூரை விளிம்புக்கு மிகவும் ஒட்டி மாட்டினாலும் இதே கதைதான், பக்கத்துச் சுவர் வெளுக்கும், கேட் இருண்டுபோகும்.

பிப்ரவரி 2

"எக்ஸ்விஆர் வந்துவிட்டது. கேட்டுக்கு 6 மி.மீ. 1080பி மாட்டினேன். பழையதைவிட நன்றாக இருக்கிறது, ஆனால் நீங்கள் சொன்ன அளவு முகம் தெரியவில்லை. பதிவைப் பெரிதாக்கினால் பக்கவாட்டில் மசமசப்பு."

டிவிஆரில் என்கோட் பக்கத்தைத் திறந்து, அந்தச் சேனலின் ரெசல்யூஷன் என்ன என்று எழுத்து எழுத்தாகப் படித்துச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 2, மாலை

"1080என்."

அதுதான். 1080என் என்பது 1080பி இல்லை. 960-க்கு 1080 புள்ளி. உயரம் முழுசாக இருக்கும், அகலத்தில் சரிபாதி. பார்க்கும்போது இழுத்து அகலப்படுத்திக் காட்டுவதால் மேலோட்டமாக வித்தியாசம் தெரியாது. 1080பி லைட் என்று பெயர் போட்டு விற்பதும் இதுவே. 4 மெகாபிக்சல், 5 மெகாபிக்சல் என்று போட்டு விற்பவற்றிலும் லைட் உண்டு.

நம் கணக்கில் வைத்துப் பாருங்கள்: ஏழரை மீட்டருக்கு 1920 புள்ளி என்றால் 256. 960 என்றால் 128. தெரிந்தவரை அடையாளம் காணலாம், தெரியாதவரை முடியாது. நீங்கள் சொன்ன குறை அச்சாக இதுதான்.

மெனுவில் 1080பி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். நொடிக்குப் படங்களின் எண்ணிக்கை 25-லிருந்து 15, 12 என்று இறங்கும், பரவாயில்லை. முகம் தெரிகிற 12 படம், தெரியாத 25-ஐவிட மேல். மெனுவிலேயே இல்லை என்றால் அந்த ரெக்கார்டரின் திறனே அவ்வளவுதான், திருப்பிக் கொடுக்க நாள் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். 5 மெகாபிக்சல் வரை என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாமல், எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் எந்த அளவில், நொடிக்கு எத்தனை படம் பதியும் என்ற வரியை விவரத்தாளில் தேட வேண்டும்.

பிப்ரவரி 3

"1080பி இருந்தது, 15-ல் ஓடுகிறது. சட்டைப் பாக்கெட்டில் பேனா இருப்பது தெரிகிறது!"

இதைப் படித்ததும் எனக்கே வாங்கின மாதிரி இருந்தது.

பிப்ரவரி 6

ஹார்டு டிஸ்க் எவ்வளவு என்று கேட்டதற்கு. ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 43 ஜிபி. நான்கு கேமரா, 173 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஆறு நாள்கூட வராது. டிவிஆரும் கேமராவும் எச்.265 (படத்தை அதிகம் சுருக்கும் முறை) என்றால் பிட்ரேட்டைப் பாதியாக்கிப் பாருங்கள், எங்கள் வீட்டில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பதினொரு நாள் கிடைக்கும்.

இதில் ஒரு திருத்தம்: அனலாக்கில் சுருக்குவது டிவிஆர்தான், கேமரா இல்லை. அதனால் டிவிஆரில் எச்.265 இருந்தால் போதும். ஐபி கேமரா சேர்ப்பவர்களுக்குத்தான் இரண்டு பக்கமும் வேண்டும்.

கணினிக்கான சாதாரண டிஸ்க் வேண்டாம். இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று கண்காணிப்பு டிஸ்க் வருகிறது, டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போல.

பிப்ரவரி 9

வெளியூரிலிருந்து போனில் பார்ப்பது. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

ரவுட்டரில் போர்ட் (வெளி இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி) திறந்துவிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகமெங்கும் டிவிஆர்களுக்கும் கேமராக்களுக்கும் உள்ளே புகுந்தது. பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெட்டிகளை வைத்தே அந்த அக்டோபரில், இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்க, பெரிய பெரிய இணையதளங்கள் பல மணி நேரம் திறக்கவில்லை. வீட்டைக் காக்க மாட்டிய பெட்டி அது.

முதல் நாளே பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரவுட்டரில் விபிஎன் (பூட்டிய தனிப் பாதை) இருந்தால் அதன் வழியாகப் பாருங்கள். யுபிஎன்பி-யை (கேட்கும் கருவிக்கு ரவுட்டர் தானாகவே போர்ட் திறந்துவிடும் வசதி) அணையுங்கள். மாட்டிக்கொடுத்தவருக்குத் தனிக் கணக்கு இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள், அவர் நல்லவராகவே இருக்கலாம், இருந்தாலும்.

பிப்ரவரி 15

"இவ்வளவு செய்வதற்கு ஐபியே போட்டிருக்கலாமோ?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

கேபிள் பைப்புக்குள் இருந்து, பழையதைக் கட்டி இழுத்தால் புதியது வந்துவிடும் என்றால், நான் ஐபியைத்தான் சொல்வேன். ஒரே ஒயரில் பவரும் படமும் ஒலியும் போகும், பாலுன் வேண்டாம், 1080என் குழப்பம் வேண்டாம். கேள்வி கேட்டவர் வீட்டில் நெட்வொர்க் கேபிளே இருப்பதால், அது எட்டுக் கம்பியும் தாமிரமாக, நடுவில் ஒட்டுப் போடாமல் இருந்தால் அவரும் பிறகு அதே கேபிளில் ஐபிக்கு மாறலாம். எக்ஸ்விஆர் அதையும் ஏற்கும், இன்று வாங்கியது வீணாகாது. கோஆக்ஸைச் சுவரோடு சேர்த்துப் பூசியவர்களுக்கு எச்டி அனலாக்கே நேர்வழி.

எதைப் போட்டாலும் லென்ஸ் கணக்கு மாறாது.

பிப்ரவரி 16

பழைய டிவிஆரை யாருக்காவது கொடுக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். கொடுக்கும் முன் ஹார்டு டிஸ்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள், மூடியின் நான்கு ஸ்க்ரூ, அடியில் நான்கு ஸ்க்ரூ. மெனுவில் அழித்தால் பதிவுகள் முழுசாகப் போவதில்லை. உங்கள் வீட்டார் எப்போது வெளியே போகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கணினியில் இணைத்து முழுவதும் ஒருமுறை மேலெழுதிய பிறகு வேண்டுமானால் டிஸ்கைத் தனியாகக் கொடுக்கலாம்.